மூன்று நாள் கணக்கு: அக்கியும் அசைக்ளோவிர் மாத்திரையும்

உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் யாருக்காவது விலாவிலோ முதுகிலோ கொத்தாகக் கொப்புளம் கிளம்பினால், வீட்டில் முதலில் எழும் பேச்சு இதுதான்: "அக்கி மாதிரி தெரியுது. போய் எழுதிக்கிட்டு வந்துடு." எழுதுபவர் பெரும்பாலும் மண்பாண்டம் வனையும் வேளார் வீட்டுப் பெரியவர். செங்காவியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகின் நுனியால் தொட்டு, கொப்புளத்தின் மேல் சிங்கமோ நாயோ வரைவார். உதட்டுக்குள் மந்திரம் ஓடும். காவி காயக் காய எரிச்சல் சற்று அடங்கும். கொடுப்பதை வாங்கிக்கொண்டு, "மூணு நாள் வரணும்மா" என்று சொல்லி அனுப்புவார்.

அந்த மூன்று நாளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அக்கிக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்க மருத்துவம் வைத்திருக்கும் கெடுவும் அதே மூன்று நாள்தான், அதாவது 72 மணி நேரம். எழுதி முடித்து, குறையவில்லை என்று பார்த்து, நான்காம் நாள் பஸ் ஏறி மருத்துவமனைக்கு வருபவர் மருந்துக்கு மிகவும் உகந்த பொழுதைத் தாண்டிவிட்டு வருகிறார். மருந்து நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கு உலகம் ஓரளவு பதில் சொல்லிவிட்டது. நம் ஊர்க் கேள்வி வேறு: அது எந்த நாளில், எந்த அளவில், எப்படிப்பட்ட உடம்புக்குள் போகிறது?

ஒரு பெயர், பல நோய்கள்

அக்கி என்ற சொல்லுக்கு நெருப்பு என்றும் பொருள் உண்டு. எரிச்சலை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் மக்கள் வாயில் அக்கி என்பது ஒரே நோயைக் குறிப்பதில்லை. உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகப் படர்வது ஹெர்பீஸ் ஸோஸ்டர். உதட்டோரம் காய்ச்சலுக்குப் பிறகு கிளம்பும் 'சூட்டுக் கொப்புளம்' ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. பிறப்புறுப்பில் வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. முதல் வகையும் அங்கே வரக்கூடும். சிம்ப்ளெக்ஸ் எவ்வளவு பரவலானது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் சொன்ன மதிப்பீடே சான்று: 50 வயதுக்குட்பட்டவர்களில் 380 கோடிப் பேரிடம் முதல் வகை இருக்கிறது, 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகை இருக்கிறது. இவ்வளவு பேரிடம் இருக்கும் ஒரு கிருமிக்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஸோஸ்டரின் பிறப்பிடம் சின்னம்மை. சிறுவயதில் அம்மை இறங்கிய பின் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கும். வயதோ நோயோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும்போது ஒரே ஒரு நரம்பின் வழியாக இறங்கித் தோலுக்கு வரும். அதனால்தான் அக்கி உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. இதைத் தெளிவுபடுத்தியவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் வைத்தியம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டுகள் விடாமல் குறித்துவைத்து, 1965இல் அந்தக் கருத்தை வெளியிட்டார். ஒரு நாட்டுப்புற டாக்டரின் நோட்டுப்புத்தகத்திலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது.

நம் வட்டாரத்தில் தொல்லை கொப்புளத்துக்கு முன்பே தொடங்குகிறது. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அந்த இடம் குத்தும், எரியும், துணி பட்டாலே கூசும். நடவுக்குக் குனிந்து எழுந்த பெண் அதை 'வாய்வுப் பிடிப்பு' என்று நினைத்துத் தைலம் தேய்ப்பாள். நெஞ்சுப் பக்கம் வந்தால் மாரடைப்போ என்று வீடே பதறும். கொப்புளம் கிளம்பியதும் 'காணாக்கடி' என்பார்கள். உண்மையிலேயே பூச்சியும் காரணமாகலாம். வயல் பக்கத்துச் சிறு வண்டு ஒன்று விளக்கு வெளிச்சத்துக்கு வந்து தோலில் நசுங்கினால், சூடு இழுத்த கோடுபோல் புண்ணாகும். அதற்கு வைரஸ் மருந்து தேவையே இல்லை. ஆகவே மாத்திரைக்கு முன் ஒரு மருத்துவரின் கண் அந்தப் புண்ணைப் பார்ப்பது அவசியம். சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்வதன் நியாயமும் இதுதான்.

கிருமியின் கையாலேயே அதன் கதவை அடைத்த மருந்து

1970கள் வரை வைரஸுக்கு மருந்து தேடியவர்கள் முட்டிய சுவர் ஒன்றுதான். வைரஸ் நம் செல்லுக்குள் இருந்துகொண்டு நம் செல்லின் கருவிகளாலேயே பெருகுகிறது. அதைத் தாக்கினால் செல்லும் சேர்ந்து சாகும். பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் கெர்ட்ரூட் எலியனும் ஹோவர்ட் ஷேஃபரும் அவர்களுடைய குழுவினரும் கண்ட அசைக்ளோவிர் அந்தச் சுவரில் வாசல் திறந்தது. எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

அசைக்ளோவிர் செல்லுக்குள் நுழையும்போது ஏறக்குறைய சும்மா கிடக்கும் பொருள். ஹெர்பீஸ் வைரஸ் தனக்கென வைத்திருக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி அதன்மேல் முதல் பாஸ்பேட்டை ஏற்றும்போதுதான் அது விழித்துக்கொள்கிறது. மீதி இரண்டு பாஸ்பேட்டை நம் செல் ஏற்றுகிறது. பிறகு அது வைரஸின் மரபிழையில் ஒரு கண்ணியாகப் போய் உட்காரும். அதற்கு மேல் இழை நீளாது. வைரஸ் இல்லாத செல்லில் முதல் படியே அநேகமாக நடக்காது. இத்தனை ஆண்டுகளாக இந்த மருந்து பெருந்தீங்கின்றிப் பயன்பட்டுவருவதன் அடிப்படை இதுவே.

இதன் எல்லையும் இங்கேயே தெரிகிறது. பெருகும் வைரஸைத்தான் மருந்து நிறுத்தும். நரம்பு முடிச்சில் உறங்குவதைத் தொடாது. முதல் சில நாட்களில் வைரஸ் வேகமாகப் பெருகுகிறது. பிறகு உடம்பே அதை அடக்கத் தொடங்குகிறது. நரம்புக்குச் சேதம் நேர்ந்த பின் கொடுக்கும் மாத்திரைக்குச் செய்ய அதிக வேலை இருக்காது. 72 மணிக் கணக்கு இப்படித்தான் வந்தது.

சான்றுகள் எதுவரை துணை வருகின்றன

மாத்திரையின் பெருமையை மிகைப்படுத்தினால் நாளை நம்பிக்கை உடையும். ஆகவே சோதனைகள் காட்டியதை அப்படியே பார்ப்போம்.

உரிய நேரத்தில் தொடங்கினால் புதுக் கொப்புளம் கிளம்புவது சீக்கிரம் நிற்கிறது, புண் விரைவில் ஆறுகிறது, தொடக்க வலி குறைகிறது. இதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. 1995இல் வெளியான ஆய்வு ஒன்றில் 50 வயதுக்கு மேற்பட்ட 1,141 பேருக்கு அசைக்ளோவிரும் வாலாசைக்ளோவிரும் ஒப்பிட்டுக் கொடுக்கப்பட்டன. வலி நீடித்த நாட்களின் நடுமதிப்பு அசைக்ளோவிருக்கு 51; ஏழு நாள் வாலாசைக்ளோவிருக்கு 38. பின்னது உடம்பில் அசைக்ளோவிராகவே மாறும் மருந்துதான். ஆனால் விழுங்கிய அசைக்ளோவிரில் 15 முதல் 20 விழுக்காடே இரத்தத்தைச் சேரும். வாலாசைக்ளோவிராக விழுங்கினால் பாதிக்கு மேல் சேரும்.

கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலிதான் முதியவர்களை முறிப்பது. ரவிக்கை போட முடியாமல், தோளில் துண்டு போட முடியாமல் தவிப்பார்கள். அதை மாத்திரை தடுக்குமா? ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2014ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, அசைக்ளோவிர் அந்த நீடித்த வலி வருவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்றே முடிவு சொன்னது. கூடவே ஸ்டீராய்டு கொடுத்தாலும் அது குறையவில்லை என்பது 1994இல் வந்த ஆய்வின் முடிவு. ஆகவே "மாத்திரை போட்டால் பின்னால் வலியே வராது" என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. "போடாமல் விட்டால் புண் ஆற நாளாகும், கண்ணுக்கு வந்தால் ஆபத்து" என்று சொல்லலாம். நீடிக்கும் வலிக்குத் தனி மருந்துகள் உண்டு: அமிட்ரிப்டிலின், காபாபென்டின், பிரிகாபலின். அவற்றுக்கும் மருத்துவர் சீட்டு வேண்டும்.

35 மாத்திரை

பெரியவர்களின் ஸோஸ்டருக்கு வழக்கமான அளவு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு 5 வேளை, 7 நாள். மொத்தம் 35 மாத்திரை. கையில் கிடைப்பது 400 மில்லிகிராம் என்றால் வேளைக்கு இரண்டு. வாலாசைக்ளோவிர் என்றால் 1,000 மில்லிகிராம் 3 வேளை. ஃபாம்சைக்ளோவிர் என்றால் 500 மில்லிகிராம் 3 வேளை. இரண்டும் 7 நாள். மருந்தையும் அளவையும் வயது, சிறுநீரகம், மற்ற நோய்களைப் பார்த்து மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். இங்கே எண்களைத் தருவது, கையில் வந்த பட்டையை நோயாளியே சரிபார்த்துக் கேள்வி கேட்க முடியவேண்டும் என்பதற்காக.

ஏனென்றால் சறுக்கல் இந்த எண்ணிக்கையில்தான் நேர்கிறது. மெடிக்கலில் போய்க் கையைக் காட்டினால் சில இடங்களில் கிடைப்பது ஐந்து கிராம் ஆயின்ட்மென்ட் ட்யூப். நரம்பு வழியாக வரும் ஸோஸ்டருக்கு மேல்பூச்சால் பலன் இல்லை. சில இடங்களில் 400 மில்லிகிராம் மூன்று வேளைக்குக் கொடுப்பார்கள். அது சிம்ப்ளெக்ஸுக்கான அளவு, ஸோஸ்டருக்குப் போதாது. இன்னும் சிலர் இரண்டு நாளுக்கு மட்டும் வாங்கிப் போவார்கள். படர்தாமரை என்று தப்பாக எண்ணி ஸ்டீராய்டு களிம்பு பூசுவதும் உண்டு. அது வைரஸுக்குத் தடை நீக்கிக் கொடுப்பது போலாகும்.

ஐந்து வேளை என்பது கூலிவேலைக்குப் போகிறவருக்குப் பெரிய பாரம். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். 6 மணி காபியோடு முதல் மாத்திரை. 10 மணி மாத்திரையைத் தூக்குச்சட்டியோடு கட்டிக்கொண்டு போகலாம். 2 மணிக்குச் சாப்பாட்டோடு ஒன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்று, பாயை விரிக்கும்போது ஒன்று. சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போட வேண்டும். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. கொப்புளம் காய்ந்துவிட்டது என்று நான்காம் நாளில் நிறுத்துவதும் கூடாது.

சிறுநீரகம் என்ற வடிகால்

அசைக்ளோவிர் உடம்பை விட்டு வெளியேறும் முக்கிய வழி சிறுநீரகம். அங்கே நீர் குறைந்தால் மருந்து நுண்படிகமாக உறைந்து குழாய்களை அடைக்கக்கூடும். சித்திரை வைகாசி வெயிலில் களத்திலும் செங்கல் சூளையிலும் நிற்கும் உடம்புக்கு இது ஏட்டு எச்சரிக்கையாக நின்றுவிடாது. தமிழ்நாட்டில் வயல்வேலை செய்வோரிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வு, சுமார் 5 விழுக்காட்டினரிடம் நாள்பட்ட சிறுநீரக நோயைக் கண்டது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய், இரத்தக்கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. தனக்குச் சிறுநீரகக் குறை இருப்பதே தெரியாமல் மாத்திரை விழுங்குவோர் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது இதன் பொருள்.

சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஐந்து வேளை கூடாது. தளர்ச்சியின் அளவைப் பொறுத்து மூன்று வேளையாகவோ இரண்டு வேளையாகவோ குறைப்பார்கள். 60 வயது கடந்தவர், சர்க்கரை அல்லது பிரஷர் உள்ளவர், கால் வீக்கம் உள்ளவர் மாத்திரை தொடங்கும்போதே கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. முடிவு வரும்வரை முதல் வேளையைத் தள்ளிப்போடலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். வலி தாங்காமல் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்வது நம் ஊர் வழக்கம். அதுவும் சிறுநீரகத்தை வாட்டும் மருந்து. இரண்டும் சேர்ந்தால் சுமை கூடும். நாட்டு மருந்து உட்பட எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடும் நாட்களில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் அளவாகக் குடிக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும்.

ஓர் ஆபத்தை மட்டும் குடும்பமே அறிந்திருக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு மருந்து தேங்கினால் மூளையைத் தொடும். இரண்டாம் மூன்றாம் நாளில் பேச்சு குழறும், கை உதறும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். "பாட்டிக்குக் காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவதற்குள், மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தேவைப்பட்டால் டயாலிசிஸ் அதை வெளியேற்றும்.

மூன்று நாளும் பொறுக்கக் கூடாத இடங்கள்

நெற்றியிலும் இமையிலும் அக்கி வந்தால், குறிப்பாக மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால், கண்ணுக்குப் போகும் நரம்பு தாக்கப்பட்டிருக்கலாம். சிகிச்சை இல்லாவிட்டால் இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கண்ணுக்குள் பாதிப்பு வரும். இங்கே காவி எழுதவும் கூடாது, கடையில் கண் சொட்டு வாங்கவும் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு, சிம்ப்ளெக்ஸ் புண் உள்ள கருவிழியைக் கெடுத்துவிடும். காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையோ, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியோ, 1819 முதல் இயங்கும் எழும்பூர் கண் மருத்துவமனையோ, அன்றைக்கே போக வேண்டும். காதில் கொப்புளத்தோடு முகம் கோணினாலும் அப்படியே. மூன்று நாள் கடந்திருந்தாலும் கண் பாதிப்பு, புதுக் கொப்புளம், எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவை இருந்தால் மருந்து தொடங்குவார்கள். ஆகவே நாள் போய்விட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

காய்ச்சலோடு குழப்பம், வலிப்பு, நடத்தை மாற்றம் வந்தால் அது ஹெர்பீஸ் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு மாத்திரை பயன்படாது. நரம்பில் ஏற்றும் அசைக்ளோவிர் வேண்டும். 1986இல் வெளியான ஒப்பீட்டில் பழைய மருந்தைப் பெற்றவர்களில் 54 விழுக்காட்டினர் இறந்தார்கள். அசைக்ளோவிர் பெற்றவர்களில் 28 விழுக்காடு.

அம்மைக்கும் இங்கே ஒரு சொல். அம்மை போட்ட வீட்டில் மருந்து நுழையக் கூடாது என்பது நம் பழக்கம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். ஆனால் வெப்ப நாடுகளில் பெரியவர்களுக்குச் சின்னம்மை வருவது அதிகம். பெரியவர்களுக்கு, அதிலும் கர்ப்பிணிகளுக்கு, நுரையீரல் வரை பாயும். அவர்களுக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் மாத்திரை உதவும். கர்ப்பகாலத்தில் அசைக்ளோவிர் எடுத்துக்கொண்டவர்களை 1984 முதல் 1999 வரை பதிவு செய்து கவனித்ததில் பிறவிக்குறை கூடியதாகத் தெரியவில்லை. வேப்பிலையை நிலைப்படியில் செருகட்டும், மாரியம்மனை வேண்டட்டும். மாத்திரையும் உள்ளே வரட்டும்.

வாய் திறக்காத அக்கி

பிறப்புறுப்பில் வரும் ஹெர்பீஸை 'சூடு' என்று சொல்லி மோர் குடித்து மறைக்கிறவர்கள் அதிகம். முதல் தடவை வரும்போது அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் 3 வேளை, 7 முதல் 10 நாள் வரை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதற்கென்றே சிவப்பு நிற மருந்துப் பொட்டலம் உண்டு. அதில் 21 மாத்திரை. அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இலவசம். அடிக்கடி வருபவர்களுக்குத் தினமும் குறைந்த அளவில் நெடுநாள் கொடுப்பதும் உண்டு. துணைக்குத் தொற்றும் வாய்ப்பை அது குறைக்கும்: 2004இல் வெளியான, 1,484 தம்பதியரிடம் நடந்த ஆய்வில், தினமும் வாலாசைக்ளோவிர் எடுத்தபோது தொற்று ஏறக்குறையப் பாதியானது. பாதிதான், கொப்புளம் உள்ள நாட்களில் உறவைத் தவிர்ப்பதும் மற்ற நாட்களில் ஆணுறையும் கூடவே வேண்டும். பிரசவ நாள் நெருங்கும் பெண் தனக்கு இது வந்ததுண்டு என்று மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். பிறக்கும் குழந்தையின் உயிர் அதில் இருக்கிறது.

இளவயதில் ஸோஸ்டர் வந்தால் எச்ஐவி பரிசோதனையும் செய்துகொள்வது முறை. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், இதே வடதமிழ்நாட்டில், சென்னையில். இன்று நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், பெயர் வெளியே போகாது. அக்கி வந்த எல்லோருக்கும் எச்ஐவி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இருந்தால் முன்னரே தெரிந்து மருந்து தொடங்க இது ஒரு வாய்ப்பு.

தடுப்பூசி

50 வயது கடந்தவர்களுக்கான அக்கித் தடுப்பூசி 2023இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு தவணை. சோதனைகளில் 50 வயதுக்கு மேல் 97 விழுக்காடும், 70 வயதுக்கு மேல் சுமார் 90 விழுக்காடும் பாதுகாப்பு தந்தது. மாத்திரை தடுக்க முடியாத நீடித்த வலியை, நோயே வராமல் செய்து தடுப்பது இதுதான். ஆனால் ஒரு தவணையின் விலையே கூலிக் குடும்பத்தின் மாத வருமானத்தைத் தின்றுவிடும். அரசுத் திட்டத்தில் அது சேரும்வரை நம் வட்டாரத்துக்கு மாத்திரையே கவசம்.

திண்ணையிலிருந்து மருத்துவமனைக்கு

இனி, அக்கி எழுதும் திண்ணைக்குத் திரும்புவோம். அங்கே நடப்பதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் கதவு அடைபடும். நோயாளி மருத்துவரிடம் அதை மறைப்பார், அவ்வளவுதான். காவிக்குச் செந்நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. மருத்துவமனையில் கொடுக்கும் கேலமைன் லோஷனின் இளஞ்சிவப்புக்கும் காரணம் அதுவே. குளிர்ச்சி உண்மை, தொட்டு ஆறுதல் சொல்லும் கையும் உண்மை. வைரஸை மட்டும் காவியால் நிறுத்த முடியாது.

ஊரில் அக்கியை எல்லோருக்கும் முன்பாக, முதல் நாளிலேயே பார்ப்பவர் எழுதும் பெரியவர்தான். எந்த மருத்துவருக்கும் கிடைக்காத பொழுது அவருக்குக் கிடைக்கிறது. உத்திரமேரூர் அரசு மருத்துவமனையும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களும் அந்தப் பெரியவர்களைத் தேடிச் சென்று உட்கார்ந்து பேச வேண்டும். அவர் சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம்: "உடைஞ்ச கொப்புளத்துல எழுதமாட்டேன். முகத்துல எழுதமாட்டேன். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வா, அப்புறம் எழுதுறேன்." மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வாசலுக்கே வரும் பணியாளர்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டும். யாருக்குச் சிறுநீரகம் கவனிக்க வேண்டியது என்பது அவர்களுக்குத்தான் வீடுவீடாகத் தெரியும்.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்லும் அது, மருத்துவரையும் அறுவை செய்பவரையும் பணிப்பெண்களையும் குறிப்பிடுவதோடு, ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளையும் பெயர் பெயராக, அளவு அளவாகக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்பது ஊரறிய இருக்க வேண்டும் என்று ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நினைத்திருக்கிறார்கள்.

நோயில் நாள் எண்ணுவது நம்மவருக்குப் பழகிய காரியம். அம்மைக்கு முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று எண்ணுகிறோம். அக்கிக்கு எழுதும் நாளை எண்ணுகிறோம். புதிதாக எதையும் கற்கத் தேவையில்லை; எண்ணிக்கையைத் தொடங்கும் இடத்தை மாற்றினால் போதும். கொப்புளம் கண்ட நாள் முதல் நாள். மாத்திரையும் அன்றைக்கே.